விடுதி ஆற்றுப்படை



இவ்வவையில் கூடியுள்ளோருள் பலர் தொழில் நிமித்தம் ஊர் ஊராகச் செல்பவர்கள். மருந்து நிறுவனப் பிரதிநிதியாக மாவட்டம் மாவட்டமாகச் சுற்றுபவர் உண்டு. ஜவுளிக் கடைகளுக்கு மாதிரித் துணிகளைச் சுமந்து செல்பவர் உண்டு. விடைத்தாள் திருத்தவும் கணக்குத் தணிக்கை செய்யவும் வெளியூர் செல்லும் ஆசிரியர்களும் அலுவலர்களும் உண்டு. கவிதை எழுதும் கை பகலில் பட்டியல் எழுதுகிறது. இரவில் முன்பின் அறியாத ஊர் ஒன்றின் விடுதிப் பதிவேட்டில் பெயர் எழுதுகிறது. பணியின் களைப்பு நீங்க அவர்க்குக் கிடைக்கும் அந்த இரவையும், அதற்கு வரும் இடையூறுகளையும், அவற்றைக் கடந்தவர் கடந்த வழிகளையும் எண்ணிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

பிரிந்தவன் எங்கே உறங்கினான்?

பொருள் தேடிப் பிரிதலைப் பாடுபொருளாக்கிய மொழி தமிழ். ஓதல், தூது, பகை, காவல், பொருள் எனப் பிரிவுக்குரிய காரணங்களை இலக்கணம் வகுத்தது; பாலைத் திணை அப்பிரிவையே உரிப்பொருளாகக் கொண்டது. தலைவி மெலிந்த மெலிவும், தோழி கூறிய ஆறுதலும், வழியின் வெம்மையும், ஆறலை கள்வரின் கொடுமையும் சங்க அகப்பாடல்களில் விரிவாக இடம்பெற்றுள்ளன. ஆயினும் பிரிந்து சென்றவன் இரவில் எங்கே தலைசாய்த்தான், அவனுக்குக் கால் கழுவ நீர் தந்தவர் யார், அவ்விடத்தில் அவனுக்கு உறக்கம் வந்ததா என்னும் வினாக்களுக்கு அகப்பாடல்களில் விடை கிடைப்பது அரிது.

விடை கிடைக்கும் இடம் ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழியையும் பெற்ற பேற்றையும் எடுத்துரைத்து அவனை ஆற்றுப்படுத்துகிறான். பத்துப்பாட்டில் ஐந்து பாடல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. வள்ளலின் புகழ் பாடும் நூல்களாகவே அவற்றைப் படித்துப் பழகிய கண்களுக்கு, அவற்றுள் அடங்கியிருக்கும் பயணக் குறிப்புகள் எளிதில் புலப்படுவதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணரின் வண்டிகள் செல்கின்றன; மிளகு மூட்டைகளைக் கழுதைகளின் மேல் ஏற்றிய வணிகச் சாத்து செல்கிறது; சுங்கம் கொள்ளும் பெருவழி வருகிறது. எந்தக் குடியிருப்பில் எவ்வகை உணவு கிடைக்கும் என்று நிலம் நிலமாகச் சொல்லப்படுகிறது. தொண்டைமான் நாட்டு வழியில் கள்வர் அச்சம் இல்லை என்ற உறுதியும் தரப்படுகிறது.

மலைபடுகடாம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இன்ப நுகர்ச்சியை மட்டும் கூறாமல் இடர்களையும் ஒளிவின்றி எடுத்துரைக்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் இடம், பாம்புகள் உறையும் பள்ளம், தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் வந்து விழும் வழி, கால் வழுக்கும் பாறை என ஒவ்வொன்றையும் சுட்டி, அங்கங்கே எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறது. முன்னே சென்றவன் பின்னே வருபவனுக்கு உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் அறமே ஆற்றுப்படையின் உயிர். பணி நிமித்தம் பயணம் செல்வோரின் துன்பத்திற்கு மருந்து தேடினால், அம்மருந்தின் முதல் வேர் இங்கேதான் இருக்கிறது.

மாதரியின் இல்லம்

வணிகத்தின் பொருட்டு வெளியூர் சென்று தங்கியவர்களுள் தமிழிலக்கியம் மறக்கவொண்ணாத ஒருவன் கோவலன். இழந்த செல்வத்தை மீட்கக் காற்சிலம்பை முதலாகக் கொண்டு வாணிகம் செய்ய எண்ணியே அவன் மதுரைக்கு வந்தான். வந்த ஊரில் உறவினர் இல்லை. அறிந்த வணிகரும் இல்லை. நகருக்குப் புறத்தே அறவோர் வாழும் புறஞ்சேரியில் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுத் தான் மட்டும் நகரைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினான். அப்போது இயக்கிக்குப் பால்மடை படைத்து மீண்ட ஆயர் முதுமகள் மாதரியிடம் கவுந்தியடிகள் அவ்விருவரையும் அடைக்கலமாக ஒப்படைத்தார்.

மாதரி செய்தவற்றை எண்ணிப் பார்த்தல் தகும். அவள் அவர்களுக்குத் தனி மனை தந்தாள். துணையாகத் தன் மகள் ஐயையை நிறுத்தினாள். கோவலன் சாவக நோன்புடையவன் என்பதறிந்து, பகற்பொழுதிலேயே கண்ணகி சமைத்து முடிப்பதற்கு வேண்டிய கலங்களும் காய்களும் அரிசியும் அங்கே கொடுக்கப்பட்டன. வந்தவரின் செல்வநிலையை அவள் கேட்கவில்லை. அவர்களின் வழக்கத்தை மட்டும் கேட்டறிந்தாள். பின்னர் நிகழ்ந்த கொடுமைக்கு மாதரியின் இல்லம் எவ்வகையிலும் காரணமன்று. அது கடைவீதியிலும் அரண்மனையிலும் விளைந்தது. ஆயினும் அடைக்கலப் பொருளைக் காக்க இயலாமற் போயிற்றே என்று மாதரி எரியில் புகுந்தாள் எனச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அத்தகைய முடிவை இக்காலத்தில் எவரும் வேண்டார். எனினும், தன் கூரையின் கீழ் ஓர் இரவு தங்கியவர்க்குத் தான் பொறுப்பு என்னும் உணர்வு எவ்வளவு ஆழமாக இம்மண்ணில் ஊன்றியிருந்தது என்பதற்கு அது சான்று.

அவ்வுணர்வே பின்னாளில் சத்திரமாகவும் சாவடியாகவும் சுமைதாங்கிக் கல்லாகவும் வடிவம் கொண்டது. 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் தாங்கிய சத்திரம் மதுரை ரயில் நிலையத்தின் எதிரே இன்றும் நிற்கிறது. தஞ்சை மராத்திய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் பெருவழி நெடுகச் சத்திரங்களை நிறுவினர். அவற்றைக் குறித்து 1801-இல் இரண்டாம் சரபோஜி மன்னர் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம், வழிப்போக்கர்க்கு உணவளித்ததோடு நோயுற்றோர்க்கு மருத்துவமும் செய்யப்பட்ட செய்தியைத் தெரிவிக்கிறது.

ஆனால் இப்பெருமையின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. சத்திரங்கள் பலவற்றில் சாதிக்கொரு கூடமும் பந்தியும் இருந்தன. வாசற்படியிலேயே நிறுத்தப்பட்டவர்களும் இருந்தனர். மாதரி வழக்கத்தைக் கேட்டாள். பிற்காலத்துச் சத்திரம் குலத்தைக் கேட்டது. பயணியின் துயரங்களுள் மிகப் பெரியது அங்கே தொடங்குகிறது. மூட்டைப்பூச்சி நிறைந்த படுக்கையைக் காட்டிலும், நீர் வராத குழாயைக் காட்டிலும் கொடியது, உனக்கு இங்கே இடமில்லை என்னும் சொல். பணி நிமித்தம் பயணம் செய்த இருவர் அச்சொல்லை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அவர்களே எழுதிவைத்துள்ளனர்.

பிரிட்டோரியாவில் ஓர் இரவு

1893-ஆம் ஆண்டு. 23 வயது நிரம்பிய வழக்கறிஞர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்கு ஒன்றின் பொருட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். ஊதியம் 105 பவுன், காலம் ஓராண்டு. டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்குச் செல்லும் வழியில் மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட செய்தி உலகறிந்தது. அப்பயணத்தில் அவர் கண்ட இரண்டு விடுதிகளின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஜோகானஸ்பர்க்கில் அவரை அழைத்துச் செல்ல வந்தவரும் அவரும் ஒருவரையொருவர் அடையாளம் காணவில்லை. எனவே வண்டி பிடித்து கிராண்ட் நேஷனல் ஓட்டலுக்குச் சென்று அறை கேட்டார். மேலாளர் அவரை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அறைகள் நிரம்பிவிட்டன என்று பணிவோடு கூறி அனுப்பிவிட்டார். பின்னர் இந்திய வணிகர் ஒருவரின் கடையை அடைந்து நடந்ததைச் சொன்னபோது, அங்கிருந்த அப்துல் கனி சிரித்தார். ஓட்டலில் இடம் கிடைக்கும் என்று எவ்வாறு எதிர்பார்த்தீர்கள் என்று கேட்டார். பொருள் ஈட்டுவதற்காக அவமதிப்புகளைப் பொறுத்துக்கொண்டு இங்கே வாழ்கிறோம் என்னும் பொருள்படவும் பேசினார். பொருள்வயிற் பிரிந்தோர் அயல்நாட்டில் கொடுத்த விலை அது.

பிரிட்டோரியா நிலையத்தில் இறங்கியபோது ஞாயிற்றுக்கிழமை இரவு. வரவேற்க ஒருவரும் இல்லை. எந்த விடுதியும் தம்மை ஏற்காது என்ற அச்சத்தால் பயணச்சீட்டுச் சேகரிப்பவரிடம் வழி கேட்கவும் அவர் தயங்கினார். அருகில் நின்ற அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் அவரது நிலையைக் கண்டு தாமே பேச்சுக் கொடுத்து, தமக்குத் தெரிந்த சிறு விடுதி ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். அது ஜான்ஸ்டன் என்பவர் நடத்திய குடும்ப விடுதி. ஓரிரவு தங்க இடம் தருவதாக ஜான்ஸ்டன் கூறினார். ஆனால் ஐரோப்பியர் உண்ணும் கூடத்திற்கு வராமல் அறையிலேயே உண்ண வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். காந்தி இசைந்தார். அறையில் தனியே அமர்ந்து உணவுக்காகக் காத்திருந்தார். தட்டோடு பணியாள் வருவார் என்று எதிர்பார்த்த வேளையில் ஜான்ஸ்டனே வந்தார். அறையில் உண்ணச் சொன்னதற்காகத் தாம் வெட்கமுற்றதாகவும், மற்ற விருந்தினரைக் கேட்டதில் அவர்களுக்கு மறுப்பு இல்லை என்றும், உணவுக் கூடத்திற்கு வரலாம் என்றும், விரும்பும் காலம் வரை தங்கலாம் என்றும் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சியில் கருதத் தக்கவை இரண்டு. முதலாவது, அந்த அமெரிக்கர் செய்த உதவி. அவர் செல்வர் என்றோ அதிகாரம் உடையவர் என்றோ காந்தி எழுதவில்லை. எந்தக் கதவு திறக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அறிந்ததைத் தம்மைப் போல் ஒதுக்கப்பட்ட மற்றொருவர்க்குக் காட்டினார். ஆற்றுப்படையின் இலக்கணத்தை அறியாமலே அவ்வறத்தை நிறைவேற்றியவர் அவர். இரண்டாவது, ஜான்ஸ்டனின் மனமாற்றம். மற்ற விருந்தினர் மறுப்பார்கள் என்பது அவர் தாமாக எண்ணிக்கொண்ட ஒன்று. கேட்டுப் பார்த்தபோது மறுப்பு இல்லை. விடுதி மேசைக்குப் பின்னால் இருப்பவரின் இல்லை என்னும் சொல் பல வேளைகளில் இத்தகைய கேளாத அச்சத்திலிருந்தே பிறக்கிறது.

அந்த அமெரிக்கரின் நாட்டிலும் கறுப்பின மக்களுக்கு விடுதிக் கதவுகள் நெடுங்காலம் அடைபட்டே இருந்தன. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அஞ்சல் ஊழியரான விக்டர் ஹியூகோ கிரீன், அவர்கள் அவமதிப்பின்றித் தங்கவும் உண்ணவும் கூடிய இடங்களைத் தொகுத்து 1936-இல் ஒரு கையேட்டை வெளியிட்டார். முதலில் நியூயார்க் வட்டாரத்தை மட்டும் பற்றியிருந்த அந்நூல் பின்னர் நாடு முழுமைக்கும் விரிந்து, 1960-களின் நடுப்பகுதி வரை வெளிவந்தது. இத்தகைய கையேடு தேவைப்படாத நாள் வரும் என்ற நம்பிக்கையையும் கிரீன் அதில் எழுதினார். 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் விடுதிகளில் நிறவேற்றுமையைத் தடை செய்தது. அஞ்சல் ஊழியர் ஒருவர் தொகுத்த அந்நூலை இருபதாம் நூற்றாண்டின் ஆற்றுப்படை என்று கூறுதல் மிகையாகாது.

பரோடாவில் பதினொரு நாள்

1917-ஆம் ஆண்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பயின்று திரும்பிய 26 வயது பீமராவ் அம்பேத்கர், தமக்கு உதவித்தொகை அளித்த பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார். தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்பதறிந்தால் இந்து விடுதிகள் இடம் தாரா என்பது அவருக்குத் தெரியும். எனவே பார்சி விடுதி ஒன்றை அணுகினார். அது பார்சியர்க்கு மட்டும் உரியது என்று காப்பாளர் கூறினார். ஆனால் அவ்விடுதிக்கு வருவோர் அருகியிருந்தனர். காப்பாளர்க்கு வருவாய் வேண்டும். பதிவேட்டில் பார்சிப் பெயர் ஒன்றை எழுத வேண்டும் என்ற உடன்பாட்டின் பேரில் நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு உணவோடு தங்க இடம் கிடைத்தது. தம் பெயரைத் தொலைத்துத்தான் அவரால் ஓர் அறையைப் பெற முடிந்தது.

மாடியில் ஒரு சிற்றறை, அதை ஒட்டிக் குளியலறை. மீதியெல்லாம் பெரிய கூடம். உடைந்த நாற்காலிகளும் பலகைகளும் பெஞ்சுகளும் அக்கூடத்தில் குவிந்து கிடந்தன. மின்விளக்கு இல்லை, இரவில் காப்பாளர் ஓர் அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வைப்பார். பேசுவதற்கு ஒரு மனிதர் இல்லை. கூடத்தில் குடிகொண்டிருந்த வௌவால்களின் கிறீச்சொலியும் சிறகடிப்பும் உடலை நடுங்கச் செய்தன. அலுவலகம் முடிந்தும் உடனே திரும்ப மனமின்றி வெளியே பொழுது போக்கிவிட்டு, இரவு உணவு வேளையில்தான் திரும்பினார். அவ்விடுதியில் இரவைக் கழிப்பது அவருக்கு அச்சம் தருவதாக இருந்தது; ஆனால் செல்ல வேறிடம் இல்லை.

அந்நிலையில் அவர் என்ன செய்தார்? படித்தார். மனிதத் துணை இல்லாத இடத்தில் நூல்களைத் துணையாகக் கொண்டு, அரிக்கேன் விளக்கொளியில் மேலும் மேலும் படித்துத் தம் தனிமையை மறந்ததாக அவரே எழுதியுள்ளார். களைப்பு நீங்க வசதியான அறை வேண்டும் என்று எண்ணுவோர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அறை மாறவில்லை, வௌவால்களும் நீங்கவில்லை. ஆயினும் அவ்வறைக்குள் அவருக்கே உரிய ஓரிடத்தை நூல் அமைத்துத் தந்தது.

பதினொராம் நாள் காலை, நூலகத்தில் திருப்பித் தர வேண்டிய நூல்களை அவர் எடுத்துக்கொண்டிருந்த வேளையில், பார்சியர் பன்னிருவர் அளவில் கையில் தடியோடு படியேறி வந்தனர். விடுதியைத் தீட்டுப்படுத்திவிட்டதாகக் குற்றம் சாட்டி, அன்று மாலைக்குள் வெளியேற ஆணையிட்டனர். நண்பர் இருவரை அவர் நாடினார். ஒருவர் தம் வீட்டுப் பணியாளர் விலகிவிடுவர் என்றார். மற்றவர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். பம்பாய்க்கு ரயில் இரவு ஒன்பது மணிக்கு. அதுவரை ஐந்து மணி நேரத்தைப் பரோடாவின் பொதுப் பூங்காவில் கழித்தார். அவ்விடம் இன்று சங்கல்ப பூமி என்று போற்றப்படுகிறது.

அன்று விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவரே பின்னாளில் இந்திய அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானார். 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அவ்வரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் ஆகியவற்றில் நுழைவதற்கு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனுக்கும் தடை விதிக்கலாகாது என்று விதிக்கிறது. தீண்டாமையின் பெயரால் விடுதியிலும் சத்திரத்திலும் இடம் மறுப்பதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஓட்டல் என்னும் சொல் அரசியலமைப்பில் இடம்பெற்றிருப்பதை வெறும் சட்ட நுணுக்கமாகப் படிப்பவர், அதன் பின்னே இந்நாட்டின் எண்ணற்ற பயணிகள் விழித்துக் கழித்த இரவுகளை உணரமாட்டார்.

இன்றைய பயணியின் இரவு

இனி இக்காலத்திற்கு வருவோம். முன்பணம் கட்டிய அறை வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். குழாயைத் திறந்தால் காற்று வரும். மின்விசிறி சுழலும் ஓசையில் காற்றைத் தவிர எல்லாம் இருக்கும். கீழ்த்தளத்துத் திருமண மண்டபத்தில் ஒலிபெருக்கி நள்ளிரவு வரை முழங்கும். விடிந்தால் எட்டு மணிக்கு வாடிக்கையாளரைச் சந்திக்க வேண்டும். இவை நகைப்புக்குரிய சிறு துன்பங்களே எனினும், மாதத்தில் பதினைந்து நாள் இவற்றோடு வாழ்பவரின் உடலையும் உள்ளத்தையும் அரிப்பவை.

இவற்றைக் கடக்கும் முறையில் சில எளிய நெறிகள் உள்ளன. பதிவேட்டில் கையெழுத்திடுமுன் அறையைப் பார்த்துவிடுதல் முதல் நெறி. தாழ்ப்பாள் விழுகிறதா, நீர் வருகிறதா, விளக்கும் விசிறியும் இயங்குகின்றனவா, படுக்கை விரிப்பு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். குறை இருப்பின் உடனே சொல்லுதல் இரண்டாம் நெறி. நள்ளிரவில் சினத்தோடு கூறுவதைக் காட்டிலும், வந்தவுடன் இன்ன குறை, இதற்கு இன்னது செய்யுங்கள் என்று தெளிவாகக் கூறினால் வேறு அறை கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. மேசையில் அமர்ந்திருக்கும் இரவுப் பணியாளர் அவ்விடுதியின் உரிமையாளர் அல்லர்; அறையைத் துடைக்கும் பெண்மணியும் குடிநீர் வாரியத்தின் பொறியாளர் அல்லர். அவர்கள் மேல் கொட்டும் சினம் குழாயில் நீரை வரவழைக்காது. ஜான்ஸ்டனுக்கு எண்ணிப் பார்க்க வாய்ப்பளித்தது போன்ற நிதானமான பேச்சு, பல வேளைகளில் பூட்டிய மாற்றறையின் சாவியைக் கொண்டுவரும்.

பொறுமைக்கும் எல்லை உண்டு. பணம் பெற்றுக்கொண்டு இடம் மறுத்தாலோ, சொன்ன வசதியைத் தர மறுத்தாலோ, ரசீதையும் நிழற்படத்தையும் பாதுகாத்து முறையிடுதல் வேண்டும். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம், முறையீட்டாளர் தாம் வசிக்கும் மாவட்டத்திலோ பணிபுரியும் மாவட்டத்திலோ வழக்குத் தொடர வழிசெய்துள்ளது. ஊர் திரும்பிய பின் தொலைவிலுள்ள நீதிமன்றத்திற்கு அலைய வேண்டுமே என்று பயணிகள் கைவிட்ட உரிமை, இதனால் அவர்கள் வாசலுக்கே வந்திருக்கிறது. 1915 என்னும் தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அணுகலாம்.

களைப்பு நீங்கும் வழியோ இன்னும் எளிது. குளித்து, எளிய உணவு உண்டு, பத்து நிமிடம் அவ்வூர்த் தெருவில் நடந்து, வீட்டாரோடு நாலு வார்த்தை பேசி, தலைமாட்டில் வைத்த நூலில் பத்துப் பக்கம் படிப்பவர்க்கு அறை ஓரளவு வசப்பட்டுவிடும். பணிக் கணக்கைப் படுக்கைக்குக் கொண்டு செல்பவருக்கு மலர்ப்படுக்கையும் முள்தான்.

ஆனால் இந்நெறிகள் எவற்றாலும் தீராத துன்பம் ஒன்று இன்னும் எஞ்சியிருக்கிறது. பணிக்காகத் தனியே பயணம் செய்யும் பெண்ணுக்கு, தனியாக வரும் பெண்களுக்கு அறை தருவதில்லை என்னும் விடை பல ஊர்களில் இன்றும் கிடைக்கிறது. யாரேனும் உடன் வருகிறார்களா என்று கேட்கப்படுகிறது. கணவர் பெயர் கேட்கப்படுகிறது. எதற்காக வந்தீர்கள் என்ற வினாவில் ஐயம் தொனிக்கிறது. இரவு பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் கைப்பையோடு நிற்கும் அலுவலர்க்கு, அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவில் பால் என்னும் சொல் இருப்பது தெரிந்திருக்கலாம். அச்சொல்லைக் காட்டி அவ்வேளையில் தாழ்ப்பாளைத் திறக்க இயலாது. அவருக்கு அப்போது தேவைப்படுவது, திறக்கும் கதவு எது என்று அறிந்த ஒருவரின் குரல்.

அந்தக் குரல் எழுதப்பட வேண்டும். ரயில் நிலைய ஓய்வறை எந்த ஊரில் நன்றாக உள்ளது, பணிபுரியும் மகளிர்க்கெனத் தமிழ்நாடு அரசு நடத்தும் தோழி விடுதிகள் எங்கெங்கே உள்ளன, எந்த வீதியில் இரவிலும் உணவு கிடைக்கும், எந்த விடுதியில் இரவுப் பணியாளர் வினாத் தொடுக்காமல் சாவி தருவார் என்பனவற்றைச் சென்று வந்த பெண்கள் அறிவார்கள். அவ்வறிவு அவரவர் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. நட்சத்திர விடுதிகளைப் புகழ விளம்பரங்கள் உண்டு. பள்ளத்தையும் பாம்பையும் கவண்கல்லையும் மறைக்காது சொல்லும் மலைபடுகடாத்தின் நேர்மையோடு சிறு விடுதிகளைச் சொல்ல ஒருவரும் இல்லை.

கவிஞர்கள் நிறைந்த அவை இது. தலைவியின் காத்திருப்பை ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடிய மொழியில், இன்று அத்தலைவியே பொருள்வயிற் பிரிந்து செல்கிறாள். அவள் கழிக்கும் இரவு இன்னும் கவிதைக்குள் முழுமையாக வந்துசேரவில்லை. தாழ்ப்பாள் சரியாக விழாத அறையில் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு உறங்கும் பெண்ணும், அடுத்த ஊருக்குச் செல்லும் முதல் பேருந்தின் நேரத்தைச் சுவரில் எழுதிவைத்துச் சென்ற பெயரறியாப் பயணியும், விடியுமுன் எழுப்பித் தேநீர் தரும் விடுதிச் சிறுபணியாளரும் பாடுபொருளாகத் தகுதி உடையவர்களே. நிலம் மாறலாம், திணை மாறவில்லை.

இவ்வட்டத்தின் உறுப்பினர்கள் தமிழகத்தின் பல ஊர்களுக்கும் செல்பவர்கள். தாம் தங்கிய இடத்தின் நிறையையும் குறையையும் உள்ளவாறு எழுதி ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒரு குறிப்புக் கொண்டுவந்தால், பதினோராம் ஆண்டில் அது ஒரு சிறு நூலாகும். தனியே வரும் பெண்ணுக்கு இடம் தரும் விடுதிகள் அதன் முதற்பகுதியாக அமையட்டும். ஊருக்கு வரும் கவிஞரையும் தோழியரையும் ரயிலடிக்குச் சென்று அழைத்துவரும் வழக்கம் இவ்வட்டத்தில் வேரூன்றட்டும். பிரிட்டோரியா நிலையத்தில் பெயர் தெரியாத ஒருவர் செய்தது அவ்வளவே. அந்த உதவி கிடைத்தவரின் பெயரை உலகம் அறிந்தது. உதவியவரின் பெயர் அந்நூலில் இல்லை. பெயரின்றி நிற்கும் அந்த வழிகாட்டியின் இனத்தைச் சேர்ந்தவர்களாக இவ்வட்டத்தார் அடுத்த பத்தாண்டும் விளங்குக.